சம்பளப் பட்டியலில் ஃபீஸுக்கு ஒரு கட்டம் கிடையாது

மருத்துவமனையின் சம்பளப் பிரிவில் உட்கார்ந்திருப்பவனிடம் யாரும் காய்ச்சலுக்கு மருந்து கேட்க மாட்டார்கள். ஆனால் பள்ளிப் படிப்பு முடிகிற பருவம் வந்தால் போதும், உறவு வட்டத்தில் எனக்கு மவுசு கூடிவிடும். "மாமா, பிசியோதெரபி போடலாமா?" "அண்ணே, பொண்ணு நர்சிங் கேக்குறா, அவங்கம்மா ஃபார்மசிங்கிறா, நீங்க சொல்லுங்க." சுற்றி வளைத்து எல்லாரும் கேட்பது இரண்டே கேள்விதான். ஃபீஸ் எவ்வளவு ஆகும்? முடித்தால் சம்பளம் எவ்வளவு வரும்? அதிகம் கட்டினால் அதிகம் வரும் என்ற நினைப்பு அந்தக் கேள்விகளுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அந்த நினைப்பைத்தான் நான் முதலில் உடைக்க வேண்டியிருக்கிறது.

நான் தினமும் பார்க்கிற பட்டியலில் என்னென்ன கட்டங்கள் இருக்கின்றன என்று சொல்கிறேன். பணியாளர் எண், பெயர், பதவி, கிரேடு, பணியில் சேர்ந்த தேதி, கவுன்சில் பதிவு எண் (அந்தத் தொழிலைச் செய்யச் சட்டப்படி தரும் லைசென்ஸ்), பதிவு காலாவதியாகும் தேதி, இரவு ஷிஃப்ட் படி, ஓவர்டைம், பிடித்தங்கள், கடைசியில் கைக்கு வரும் தொகை. எந்தக் கல்லூரி என்று ஒரு கட்டம் இல்லை. படிக்க எவ்வளவு செலவானது என்று ஒரு கட்டம் இல்லை. பட்டச் சான்றிதழ் வேலையில் சேரும் நாளில் ஒருமுறை கோப்புக்குள் போகும், அதோடு சரி, பிறகு அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. பதிவு எண் அப்படியில்லை. அது காலாவதியாகிற மாதத்தில் அந்த வரி சிவப்பாக மாறும். புதுப்பித்த ரசீது வரும்வரை அவருக்கு டியூட்டி போட முடியாது. டியூட்டி இல்லை என்றால் சம்பளமும் இல்லை. பட்டம் பெரிதா சிறிதா என்பதைப் பார்க்காத அந்தப் பட்டியல், சட்டம் இவரை என்ன செய்ய விடுகிறது என்பதை மட்டும் மாதாமாதம் பார்க்கிறது.

கல்விக் கட்டணத்தை நிர்ணயிப்பது கல்லூரி. சம்பளத்தை நிர்ணயிப்பது அரசின் ஊதிய அட்டவணை, அல்லது காப்பீட்டு நிறுவனம் ஒரு சிகிச்சைக்குத் தரும் தொகை. இந்த இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதே கிடையாது. இவர்கள் நடுவில் உள்ள ஒரே பாலம் லைசென்ஸ்தான். கடன் வாங்கிப் படிக்கப் போகிற பிள்ளைக்கு இதைவிட முக்கியமான தகவல் எதுவும் என்னிடம் இல்லை.

இங்கிலாந்தில் நடந்ததைப் பார்த்தால் இது பளிச்சென்று புரியும். 2017 ஆகஸ்டுக்கு முன் நர்சிங்கில் சேர்ந்த மாணவிக்குக் கல்விக் கட்டணத்தை அரசு கட்டியது, செலவுக்கு உதவித்தொகையும் கொடுத்தது. அந்த ஆகஸ்டிலிருந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டும் நின்றுபோயின. ஆண்டுக்கு 9,250 பவுண்டு கட்டணம், கடன் வாங்கிக் கட்டிக்கொள் என்றார்கள். மூன்று ஆண்டுக்குக் கட்டணம் மட்டும் 27,750 பவுண்டு. தங்குவதும் சாப்பிடுவதும் தனி. இந்த இரண்டு செட் மாணவிகளும் படித்து முடித்து, ஒரே வார்டில், ஒரே நீலச் சீருடையில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 2004-இல் வந்த 'அஜெண்டா ஃபார் சேஞ்ச்' ஊதிய அட்டவணைப்படி இருவருக்கும் தொடக்கம் பேண்ட் 5 என்ற ஒரே ஊதியப் படிநிலை. புதிதாகத் தேறிவரும் பிசியோதெரபிஸ்டுக்கும் ரேடியோகிராபருக்கும்கூட அதே பேண்ட் 5 தான். வித்தியாசம் பிடித்தக் கட்டத்தில் மட்டும் தெரியும். ஒரு வரம்புக்கு மேல் வாங்குகிற சம்பளத்தில் 9 சதவீதம் கல்விக் கடனுக்குப் போகும். முந்தைய ஆண்டில், கடன் வாங்காமல் படித்தவள் அந்த 9 சதவீதத்தை வீட்டுக்கு எடுத்துப் போவாள். வேலை ஒன்று, நோயாளி ஒன்று, கையில் வருகிற தொகை வேறு.

அந்த மாற்றத்துக்கு அரசு சொன்ன காரணம், உதவித்தொகையை எடுத்துவிட்டால் கூடுதலாக 10,000 இடங்கள்வரை உருவாக்கலாம் என்பது. நர்சிங் கல்லூரியில் நாற்காலி போடுவது எளிது. மாணவியை அழைத்துப்போய்ப் பயிற்சி தர வார்டும், உடன் நிற்க ஒரு மூத்த நர்ஸும் வேண்டாமா? மாறாக விண்ணப்பங்கள்தான் சரிந்தன. குடும்பம், குழந்தை என்று ஆன பிறகு இந்தத் தொழிலுக்கு வர நினைத்த வயது கூடியவர்கள்தான் அதிகம் பின்வாங்கினார்கள். நர்சிங்கில் நிலைத்து நிற்பவர்கள் பெரும்பாலும் அப்படி வந்தவர்கள்தான் என்பது என் அனுபவம். 2020-இல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு திருப்பிச் செலுத்த வேண்டாத உதவித்தொகை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கட்டணம் அப்படியே நின்றது. பக்கத்திலேயே இருக்கும் ஸ்காட்லாந்து உதவித்தொகையை நிறுத்தவே இல்லை, 2020-இல் அதை ஆண்டுக்கு 10,000 பவுண்டாக உயர்த்தியது. ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போய், 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் மூலம் நர்சிங் பள்ளிகள் கட்டணம் வாங்குவதையே ஒழித்தது. அங்கே மூன்று ஆண்டுப் பயிற்சியின்போது மாணவருக்கு மாதச் சம்பளம் உண்டு. ஒரே தொழில். ஒரு நாட்டில் கற்றுக்கொள்ளச் சம்பளம் தருகிறார்கள், இன்னொரு நாட்டில் கற்றுக்கொள்ளக் கடன் தருகிறார்கள். வேலையின் மதிப்புக்கும் படிப்பின் விலைக்கும் உறவு இருந்தால் இப்படி இருக்குமா?

அமெரிக்காவில் சம்பளத்தைத் தீர்மானிக்கும் அட்டவணை கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஐந்து இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் அந்தக் குறியீட்டுக்குத்தான் பணம் தருகிறது, செய்தவரின் பட்டத்துக்கு அல்ல. இதில் மாட்டிக்கொண்டவர்கள் பிசியோதெரபிஸ்டுகள். ஒரு காலத்தில் இளநிலைப் பட்டம் போதும் என்றிருந்தது. பிறகு முதுநிலை கட்டாயமானது. 2010-களின் நடுவில் டாக்டரேட் பட்டமே நுழைவுச்சீட்டு ஆனது. நான்கு ஆண்டு இளநிலைப் படிப்புக்குப் பிறகு இன்னும் மூன்று ஆண்டு, அதற்குரிய கட்டணம், அந்த மூன்று ஆண்டும் சம்பாதிக்காமல் போன தொகை. ஆனால் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு முதியவருக்குப் பதினைந்து நிமிடப் பயிற்சி கொடுத்துப் பில் போடும்போது, பழைய இளநிலைக்காரருக்கு வருகிற தொகைதான் டாக்டரேட்டுக்கும் வருகிறது. குறியீடு ஒன்றுதானே.

இதற்கு நேரெதிர் கதை நர்ஸ் பிராக்டிஷனர்களுடையது. 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் தொடங்கிய பயிற்சி அது. நர்ஸ் வேலையில் இருப்பவர் இரண்டு மூன்று ஆண்டு மேற்படிப்பு முடித்தால், நோயாளியைத் தானே பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்தும் எழுதலாம். இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமலே இதைச் செய்ய அனுமதி இருக்கிறது. மெடிகேர் அவர்களுக்கு மருத்துவருக்குத் தருவதில் 85 சதவீதம் தருகிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 மே மாதக் கணக்கில் நடுநிலை ஆண்டுச் சம்பளத்தைப் பாருங்கள். நர்ஸுக்கு 86,070 டாலர். பிசியோதெரபிஸ்டுக்கு 99,710. நர்ஸ் பிராக்டிஷனருக்கு 1,26,260. டாக்டரேட் வாங்கியவரைவிட முதுநிலை முடித்தவர் முந்திப் போகிறார். ஆள் பற்றாக்குறையும் ஒரு காரணம்தான். ஆனால் முதன்மைக் காரணம், ஒருவருக்குப் பட்டம் நீண்டது, மற்றவருக்குக் கையெழுத்தின் எல்லை நீண்டது. மருந்துச் சீட்டில் இவர் போடும் கையெழுத்து செல்லும். அந்தக் கையெழுத்துக்குக் காப்பீடு பணம் தரும். மருத்துவமனைக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த 85 சதவீதத்தை நாடு முழுவதற்கும் விரித்த 1997-ஆம் ஆண்டு பட்ஜெட் சட்டம்தான், மருத்துவப் படிப்பு முடித்தவர்கள் மருத்துவமனையில் எடுக்கும் ரெசிடென்சி பயிற்சி இடங்களுக்கு மெடிகேர் தரும் நிதிக்கும் உச்சவரம்பு போட்டது. ஒரே சட்டம், ஒரு கதவைத் திறந்து இன்னொன்றைப் பாதி சாத்தியது. பதினேழு பதினெட்டு வயதில் படிப்பைத் தேர்ந்தெடுக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் யார் சொல்வார்கள்? கல்லூரியின் பளபளப்பான கையேட்டில் சிரிக்கிற மாணவர்களின் படம்தான் இருக்கும்.

ஃபார்மசி கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃபார்ம்.டி. என்ற டாக்டரேட் மட்டுமே நுழைவுப் பட்டம் என்றானது. கல்லூரிகள் ஏறக்குறைய 80-இலிருந்து இருபதே ஆண்டில் 140-ஐத் தாண்டின. மருந்துக் கடைகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. இப்போது பல கல்லூரிகளில் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன.

இதுவரை படித்ததும் "அப்படியென்றால் கூடுதல் படிப்பே வீண், குறைந்த பட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்" என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித் தோன்றியது உண்டு. ஆனால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. அமெரிக்காவில் நர்ஸாக இரண்டு வழிகள் பிரபலம், இரண்டாண்டு அசோசியேட் படிப்பு, நான்காண்டுப் பட்டம். இருவரும் எழுதுவது என்கிளெக்ஸ் என்ற ஒரே லைசென்ஸ் தேர்வு, கிடைப்பதும் ஒரே லைசென்ஸ். சம்பளப் பிரிவின் கண்ணில் இருவரும் ஒன்று. ஆனால் நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, பட்டம் பெற்ற நர்ஸுகளின் விகிதம் 10 சதவீதம் கூடுதலாக உள்ள மருத்துவமனைகளில், அறுவை சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவாக இருப்பதைக் காட்டியது. 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளை வைத்துச் செய்த ஆய்வில் அதே 10 சதவீத உயர்வுக்கு 7 சதவீதக் குறைவு தெரிந்தது. ஆக, கூடுதல் படிப்பால் பலன் உண்டு. அந்தப் பலன் போய்ச் சேருவது படுக்கையில் கிடப்பவருக்கு. பில் போய்ச் சேருவது படித்தவருக்கு. எனக்கு இதில் கோபம் வருகிற இடம் இதுதான். ஒருவருடைய படிப்பால் இன்னொருவர் உயிர் பிழைக்கிறார் என்றால், அந்தப் படிப்புக்கான செலவைத் தவணையில் கட்ட வேண்டியவர் இருபத்திரண்டு வயதுப் பெண் அல்ல. சாலை போடுகிற செலவை முதலில் அதில் நடந்தவரிடம் வசூலிக்கிறோமா என்ன?

சரி, நியாயம் பேசுவது ஒரு பக்கம் இருக்கட்டும். கடன் வாங்கத்தான் வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு நான் போட்டுக்காட்டும் கணக்கு இது. எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் பொருந்தும். மொத்தக் கடனை, வேலையில் சேர்ந்த முதல் ஆண்டின் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். கடனும் ஓர் ஆண்டுச் சம்பளமும் சமம் என்றால், 8 சதவீத வட்டியில் பத்தாண்டுத் தவணைக்கு மாதச் சம்பளத்தில் 14, 15 சதவீதம் போகும். வலிக்கும், ஆனால் சமாளிக்கலாம். கடன் இரண்டு மடங்கு என்றால் 29 சதவீதம். மூன்று மடங்கு என்றால் 44 சதவீதம். இது பிடித்தங்களுக்கு முந்தைய சம்பளத்தில். மூன்று மடங்கில் இருப்பவர் வாடகை கட்டிய பிறகு தவணை கட்டுவாரா, தவணை கட்டிய பிறகு வாடகை கட்டுவாரா என்பதுதான் கேள்வி. இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: படிக்கும் ஆண்டுகளில் வட்டி சும்மா இருக்காது. ஊதியம் குறைந்த கட்டாயப் பயிற்சிக் காலத்தில் அது அசலோடு சேர்ந்து குட்டி போடும்.

இளம் ஊழியர்களில் யாருக்குக் கடன் இருக்கிறது என்று எங்கள் பிரிவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரவு ஷிஃப்ட் படிக் கட்டத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தானே கேட்டு வாங்கி இரவு டியூட்டி பார்ப்பார்கள். பண்டிகை நாளில் பெயர் கொடுப்பார்கள். திடீரென ஒரு மாதம் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஒன்று தவணை முடிந்திருக்கும், இல்லை உடம்பு முடியாமல் போயிருக்கும். இரண்டில் எது என்று லீவுக் கட்டம் சொல்லிவிடும்.

வெளிநாட்டு வேலையை நம்பிக் கடன் வாங்குவது தனி ரகம். இதற்குப் பிலிப்பைன்ஸைப் பார்க்க வேண்டும். 2000-களில் அங்கே நர்சிங் கல்லூரிகள் சகட்டுமேனிக்கு முளைத்தன. மருத்துவர்களே நர்சிங் படித்து அமெரிக்கா போனார்கள். அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் அமெரிக்க விசா வரிசை அடைத்துக்கொண்டது, பொருளாதாரமும் சரிந்தது. லைசென்ஸ் கையில், வேலை இல்லை. அனுபவச் சான்று வேண்டும் என்பதற்காகச் சம்பளம் இல்லாமலும், சில இடங்களில் பயிற்சிக் கட்டணம் என்ற பெயரில் தாங்களே பணம் கட்டியும் மருத்துவமனைகளில் வேலை செய்தார்கள். உள்நாட்டில் அரசு நர்ஸுக்கு உயர்ந்த தொடக்க ஊதியம் என்று 2002-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்ன பிறகுதான், 2020-இல் அது கைக்கு வந்தது. சட்டத்தில் எழுதிய சம்பளத்துக்கும் கைக்கு வந்த சம்பளத்துக்கும் நடுவே ஒரு தலைமுறையின் இளமை போய்விட்டது.

கட்டணத்தையே எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? 2018 ஆகஸ்டில் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி எல்லா மாணவர்களுக்கும் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. 2024-இல், தன் முன்னாள் பேராசிரியர் ரூத் காட்டெஸ்மன் தந்த 100 கோடி டாலரில், அதே நகரின் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியும் அப்படியே செய்தது. மனசார வரவேற்க வேண்டிய காரியங்கள். ஆனால் கவனியுங்கள், இந்தக் கொடைகள் விழுந்தது மருத்துவர் படிப்பில். படிப்பு முடிந்து, ரெசிடென்சியும் கடந்தால், கடனை அடைக்கும் சம்பளம் உறுதியாக வருகிற ஒரே படிப்பு அதுதான். லேப் டெக்னீஷியனுக்கும் சுவாச சிகிச்சையாளருக்கும் 100 கோடி டாலர் கொடுக்க இதுவரை யாரும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவில் 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், பட்டமேற்படிப்புக்கான கூட்டாட்சிக் கடனுக்கு உச்சவரம்பு வைத்தது. 'தொழிற்பட்டம்' என்றால் மொத்தம் 2,00,000 டாலர்வரை, மற்ற மேற்படிப்புக்கு 1,00,000 டாலர்வரை, 2026 ஜூலையிலிருந்து. எது தொழிற்பட்டம் என்ற வரைவுப் பட்டியலில் மருத்துவம், பல் மருத்துவம், ஃபார்மசி இருந்தன, இறையியல்கூட இருந்தது. நர்சிங், பிசியோதெரபி, பொதுச் சுகாதாரம் ஆகியவை இல்லை. நர்ஸ் அமைப்புகள் கொதித்தெழுந்தன. அவமதிப்பு என்ற அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் கடன் வரம்பு குறைந்ததை மட்டும் எடுத்துக்கொண்டால், கல்லூரிகள் இனி இஷ்டத்துக்குக் கட்டணத்தை ஏற்ற முடியாது என்ற வாதத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஏற்றாமல் இருப்பார்களா, மாணவர்களைத் தனியார் கடன்காரர்களிடம் தள்ளிவிடுவார்களா என்பது வருகிற சேர்க்கைகளில் தெரிந்துவிடும். இரண்டாவதுதான் நடக்கும் என்பது என் சந்தேகம்.

என்னைக் கேட்கிறவர்களிடம் நான் ஃபீஸைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு கேட்பவை சில உண்டு. படித்து முடித்தால் கவுன்சில் பதிவு உண்டா, இல்லை வெறும் பட்டம்தானா? பெயரில் 'ஹெல்த்' என்று இருப்பதெல்லாம் லைசென்ஸ் தருவதில்லை. பொதுச் சுகாதாரம், மருத்துவமனை நிர்வாகம், ஊட்டச்சத்துப் படிப்புகளில் பல இந்த வகை. அவை மோசமான படிப்புகள் அல்ல. ஆனால் வேலைச் சந்தையில் வேறு எந்தப் பட்டதாரியும் அந்த நாற்காலிக்குப் போட்டி போடலாம், எனவே அவற்றுக்குப் பெரிய கடன் வாங்காதீர்கள் என்பேன். அடுத்து, இந்தப் பதிவை வைத்துக்கொண்டு தனியாக என்ன செய்யலாம், யாருடைய குறிப்பு இருந்தால்தான் செய்யலாம்? கடந்த செட்டில் எத்தனை பேர் முதல் முயற்சியிலேயே பதிவுத் தேர்வில் தேறினார்கள்? பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை படுக்கை, அங்கே உடன் நிற்பவர் யார்? இந்தக் கேள்விகளைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். எழுதிக் கொடுக்கிற கல்லூரியும் இருக்கிறது. "அதெல்லாம் சேர்ந்த பிறகு பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு, ஹாஸ்டல் அறையைக் காட்டக் கூட்டிப்போகிற கல்லூரியும் இருக்கிறது.

ஏற்கெனவே படித்து முடித்து, கடனோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு என் பங்குக்குச் சொல்ல முடிந்தது சிறியதுதான். இன்னொரு பெரிய பட்டத்துக்கு உடனே ஓடாதீர்கள். உங்கள் கிரேடை உயர்த்துகிற சின்னச் சான்றிதழ் எது என்று உங்கள் மருத்துவமனையின் ஹெச்.ஆர். பிரிவிலேயே கேளுங்கள். ரேடியோகிராபர் அல்ட்ராசவுண்டோ சி.டி.யோ கற்றுக்கொள்வது, நர்ஸ் டயாலிசிஸிலோ தீவிர சிகிச்சையிலோ தகுதி பெறுவது, இதெல்லாம் பல இடங்களில் தனிப் படியாகப் பட்டியலில் ஏறும். சில இடங்களில் கட்டணத்தை மருத்துவமனையே கட்டும், பதிலுக்கு இத்தனை ஆண்டு வேலையை விட்டுப் போகக் கூடாது என்று பாண்டு எழுதி வாங்கும். அந்தப் பாண்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன், நடுவில் விலகினால் கட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா, கடைசி நாள்வரை முழுத் தொகையாகவே நிற்கிறதா என்று பாருங்கள். முழுத் தொகையாகவே நின்றால் திருப்பிக் கொடுத்து மாற்றி எழுதச் சொல்லுங்கள். பல இடங்களில் மாற்றிக் கொடுப்பார்கள், கேட்கத்தான் ஆளில்லை.